சுண்டு விரலுக்குத் திங்கட்கிழமை வரை கெடு

வலது காலின் சுண்டு விரலை நான் நாற்பத்தொன்பது வருடங்களாக ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பதவி உயர்வு கேட்காத ஊழியனைப் போலச் செருப்பின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு அது பாட்டுக்குக் கிடந்தது. என்ன வேலை பார்க்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. போன தை மாதம் பதினொரு நாட்கள் அதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அரியலூரில் ஒரு மருத்துவமனையில், மூன்றாம் எண் கட்டிலில், காலை இரண்டு தலையணை மேல் ஏற்றி வைத்துப் படுத்திருந்தேன். விரல் மேலே, நான் கீழே. இப்போது வீட்டில் ஒரு நாற்காலியில் நானும் எதிர் நாற்காலியில் காலுமாக உட்கார்ந்திருக்கிறோம். இன்னும் மூன்று வாரம் நடக்கக் கூடாதாம். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நடந்ததை எழுதி வைத்தால், காலில் சின்னக் காயத்தோடு இதைப் படிக்கிற யாராவது ஒருவர் எழுந்து போய்க் கழுவுவார் என்று ஒரு நப்பாசை.

நான் அறிவியல் வாத்தியார். குன்னத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம். பாடத்தோடு சேர்த்துப் பள்ளியின் முதலுதவிப் பெட்டிக்கும் நான்தான் பொறுப்பு. பெட்டியில் பழுப்பேறிய பஞ்சு ஒரு சுருள், காய்ந்துபோன டிஞ்சர் பாட்டில், ஒற்றைக் கையுறை எல்லாம் உண்டு. கத்தரிக்கோலை ஓவிய ஆசிரியர் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு முறை காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "காயம் பட்டால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்" என்று பேசுவேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அவர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். கதிர் ஒடித்து, தட்டையை அறுத்து மாட்டுக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது. அறுத்த காட்டில் மிஞ்சுவது சாணுயரக் கட்டைகள். அரிவாள் சாய்வாக வெட்டியிருப்பதால் ஒவ்வொன்றும் எழுத்தாணி மாதிரி கூராக நிற்கும். தெரிந்தவர்கள் காலைத் தேய்த்தாற்போல வைத்து நடப்பார்கள். நான் செல்போனில் பேசிக்கொண்டே நடந்தேன். ஒரு கட்டை செருப்பின் ஓரத்தைத் தாண்டிச் சுண்டு விரலின் அடியில் ஏறியது. பெரிதாக வலிக்கவில்லை. நமக்கு வைராக்கியம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். வைராக்கியம் இல்லை, வேறு விஷயம் என்பது எட்டு நாள் கழித்துத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ராணி காப்பித்தூளை அள்ளி அமுக்கினாள். ரத்தம் நின்றது. மறுநாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். அதற்கு மறுநாள் வரப்பில் இருந்த வெட்டுக்காயப்பூண்டைப் பறித்து வந்து கசக்கிப் பிழிந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே துணிக்கட்டு. புண்ணில் தண்ணீர் பட்டால் சீழ் வைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. குளிக்கப் போகும்போது பால் பாக்கெட் கவரைக் காலில் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, நான் குளித்து முடிக்கிறவரை வாசலில் நின்று, "காலத் தூக்கியே வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றபடி "வச்சிருக்கேன்" என்பேன். நுண்ணுயிரிகள் என்ற பாடத்தை இருபத்து மூன்று வருடமாக நடத்துகிறவன், நின்றுகொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அவள் தம்பி செந்தில் வந்தான். உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறான். சோளத்துக்கும் பருத்திக்கும் நாள் முழுக்க வைத்தியம் சொல்லிப் பழகிய வாய்.

"மேல மேல பூசி என்ன மாமா ஆவும்?" என்றான். "படைப்புழுவுக்கு என்னா பண்றோம்? குருத்த விரிச்சு உள்ளார மருந்தப் போடறமா இல்லியா? இலையில தெளிச்சா அது சாவாது. இதுவும் அப்புடித்தான்."

"நான் சோளம் இல்ல மாப்ள."

"புழுவுக்குத் தெரியுமா அது?"

பெரம்பலூரில் வாங்கி வந்திருந்த கேப்சூல் மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, காயத்தை இரண்டு விரலால் விரித்து, உள்ளிருந்த தூளைக் கொட்டினான். கையைக் கழுவவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் காட்டில் படைப்புழு ஒழிந்திருந்தது, அந்த மரியாதை. விழுங்க வேண்டிய மருந்தைப் புண்ணில் கொட்டினால் அது கட்டிதட்டி மூடி போல உட்கார்ந்துகொள்ளும், உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வர வழி இருக்காது என்பதைப் பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். மூடி அழகாகக் காய்ந்தது. ராணி அதைப் பார்த்து, "பக்குக் கட்டிருச்சு, ஆறிடும்" என்றாள். எல்லோரும் திருப்தியாக இருந்தோம்.

ஏழாம் நாள் வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவு செய்து பீரோவை நகர்த்தினோம், பரணில் ஏறினோம், அரிசி மூட்டையைப் புரட்டினோம். நானும் நொண்டிக்கொண்டே தேடினேன். நான் போகிற அறைக்கெல்லாம் நாற்றமும் வருகிறது என்பதை முதலில் கவனித்தவள் ராணி. தேடுவதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள். எலி நான்தான்.

மறுநாள் விடியும்போது காய்ச்சல். புறங்கால் உப்பி, கணுக்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது. பெரம்பலூரா அரியலூரா என்று உறவுக்காரர்கள் போனில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில். அரியலூர் பஸ் முதலில் வந்தது. ஏறிவிட்டோம்.

மருத்துவமனையில் காத்திருப்பது என்றால் உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். இல்லை, எழுந்து எழுந்து உட்கார்வது. ஒரு ஜன்னலில் சீட்டு, ஒரு அறையில் ரத்தம், இன்னொரு அறையில் எக்ஸ்ரே. மக்காச்சோளம் குத்தியது என்று ஏழு பேரிடம் சொன்னேன். ஏழாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை போய்விட்டது. கடைசியாகக் கட்டுப் பிரிக்கும் அறை. அங்கே லூர்து மேரி என்ற நர்ஸ். வரதராஜன்பேட்டைக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர். துணியை அவிழ்த்து, காப்பித்தூள், சுண்ணாம்பு, பச்சிலை, மாத்திரைத்தூள் எல்லாம் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்த அந்தப் பக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது புண்ணா சார், வடையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"யாரு கட்டுப் போட்டது?"

"நான்தான் சிஸ்டர்" என்றாள் ராணி.

"என்னென்ன வச்சீங்க?"

ராணி வரிசையாகச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"தண்ணி?"

"ஒரு சொட்டு படல சிஸ்டர். எட்டு நாளும் கவர் கட்டித்தான் குளிக்க வச்சேன்." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குச் சங்கடம்.

"அத ஒண்ணத்தாம்மா நீங்க ஊத்தியிருக்கணும்" என்றார் நர்ஸ். திட்டுகிற தொனியில்லை. களைத்துப்போன தொனி. "தெனம் நாலு பேரு இப்புடித்தான் வராங்க."



ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, அதனால் இல்லை. டாக்டர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் நரம்பு நுனியால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, பட்டால் சொல்லுங்கள் என்றார். எனக்கு அநேகமாக எதுவும் படவில்லை. தேர்வில் விடை தெரியாத பையன் செய்வதைத்தான் செய்தேன்: அவ்வப்போது "ம்" என்றேன். கண்ணைத் திறந்தபோது பத்துக்கு மூன்று. அதில் இரண்டு குருட்டாம்போக்கு.

"பல வருஷமா சுகர் இருந்திருக்கு சார். காலுல நரம்பு மரத்துப் போயிருக்கு. அதனாலதான் குத்துனது வலிக்கல, சீழ் வச்சதும் வலிக்கல" என்றார். வைராக்கியம் அப்படித்தான் முடிந்தது.

தோலுக்கு அடியில் கிருமி பரவிச் சிவந்து வீங்குவதற்கு செல்லுலைட்டிஸ் என்று பெயர். அதற்கு நரம்பு வழியாக மருந்து. உள்ளே தேங்கிய சீழைக் கீறி எடுத்து, செத்த சதையைக் கத்தியால் சீவி எடுப்பதற்கு டிபிரைட்மென்ட் என்று பெயர். அன்று சாயங்காலமே செய்தார்கள். எலும்பில் கிருமி ஏறவில்லை என்று எக்ஸ்ரே சொன்னது. காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் கருவியை வைத்தபோது, வாய்க்காலில் மோட்டார் தண்ணீர் விட்டு விட்டுப் பாய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நல்ல சத்தம் என்றார்கள். இவ்வளவும் நல்ல செய்தி. மிச்சம் விரல். அதன் நுனி கறுத்திருந்தது.

"திங்கக்கெழம பாப்போம் சார்" என்றார் டாக்டர். அன்று புதன். "கறுப்பு அங்கேயே நின்னா நுனிய மட்டும் எடுத்துட்டு வெரலக் காப்பாத்திடலாம். மேல ஏறுச்சுன்னா முழு வெரலையும் எடுத்துருவோம். அப்பவும் யோசிச்சுக்கிட்டு நின்னா பாதத்துக்குப் போயிடும்."

அடுத்த கட்டிலில் எறையூர் கலியபெருமாள். கரும்பு லோடு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். போன வருடம் இடது காலில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு, இப்போது வலது காலில் புதிதாக ஒரு புண்ணோடு வந்திருந்தார்.

"எந்த வெரலு வாத்தியாரே?"

"சுண்டு விரல்."

"அதுவா?" அவர் கொஞ்சம் ஏமாந்தது போலத் தெரிந்தது. "அது போனா செருப்பு நிக்காது, ஓரமா வழுக்கும். பின்னாடி ஒரு வாரு வச்சுத் தெச்சுக்கணும். ஜெயங்கொண்டத்துல ஒரு ஆளு இருக்காரு. நான் சொன்னன்னு சொல்லுங்க."

"இன்னும் எடுக்கல."

"சும்மா சொல்லி வைக்கிறன்."

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். சர்க்கரை நோயாளிக்கு ரொட்டியும் திராட்சையும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கால் எடுத்த ஒரு ஆள் இருந்தார். "எங்க பெரிய மாமனாரும் இப்புடித்தான், வெரலுன்னுதான் சொன்னாங்க" என்று ஆரம்பித்து, முழங்காலில் முடித்து, "நீங்க தைரியமா இருங்க" என்று எழுந்து போவார்கள். தலைமையாசிரியர் போன் செய்து நலம் விசாரித்தார். பிறகு முதலுதவிப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டார். ஒரு பையன் விழுந்துவிட்டானாம். சாவி என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. "கழுவி விடுங்க சார், பெட்டி வேணாம்" என்றேன். என் பணிக்காலத்தில் நான் சொன்ன ஒரே உருப்படியான முதலுதவி அது.

செந்தில் வெள்ளிக்கிழமை வந்தான். கட்டிலுக்குக் கிட்டே வராமல் கதவோரம் நின்றான்.

"மாமா, அந்தத் தூளு..."

"சோளத்துக்குக் கேட்டிருக்கும் மாப்ள."

அவன் சிரிப்பான் என்று நினைத்துச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு இட்லி வாங்கப் போய்விட்டான். வாங்கி வந்த இட்லியை ராணி தொடவில்லை. புதன்கிழமையிலிருந்து அவள் டீயைத் தவிர எதையும் ஒழுங்காக உள்ளே இறக்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, என் காலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு இட்லியாவது சாப்புடு."

"நாந்தாங்க ஒங்க வெரலத் தின்னுட்டேன்" என்றாள்.

வாய்க்கு வந்ததெல்லாம் வேடிக்கைப் பேச்சு. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். "நான் வாத்தியார் ராணி. கழுவணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் காலை நீட்டிக்கிட்டு இருந்தேன். நீ பண்ணிவிட்டது சுகமா இருந்துச்சு."

"ஒங்களுக்குத் தெரிஞ்சு என்னாங்க. கட்டுனது என் கைதானே."

அப்போதுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. விரல் போனால் எனக்குப் போவது ஒரு விரல். ஜெயங்கொண்டத்தில் வார் தைத்துக்கொள்ளலாம். அவளுக்கு அப்படியில்லை. நான் செருப்பு மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இருபத்து நான்கு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம். அதற்கு முன்பு வரை எனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயந்தேன். களைப்பான வேலை அது.

லூர்து மேரி சிஸ்டர் இதையெல்லாம் கேட்டாரா, பார்த்துப் புரிந்துகொண்டாரா தெரியாது. சனிக்கிழமை காலை கட்டு மாற்ற வந்தவர் கையுறையை ராணியிடம் நீட்டினார்.

"நீங்க பண்ணுங்கம்மா."

"ஐயோ, நான் வேணாம் சிஸ்டர்."

"வூட்டுக்குப் போனா நானா வரப்போறன்? புடிங்க."

முதலில் கை. விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி முடிக்கும்வரை அவளைக் காலுக்கு அருகில் விடவில்லை. பிறகு என் காலை ஒரு பேசினுக்கு மேலே நீட்டச் சொல்லி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு சொம்பிலிருந்து மெல்ல ஊற்றச் சொன்னார். ராணி ஊற்றினாள். தண்ணீர் புண்ணுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"அங்க எதுக்கும்மா ஊத்துறீங்க? அந்த எடம் நல்லாத்தான் இருக்கு."

மூன்றாம் தடவை தண்ணீர் புண்மேல் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. பஞ்சை நேராகப் புண்ணில் வைக்கக் கூடாது, நூல் ஒட்டிக்கொள்ளும், வலைத்துணிதான் வைக்க வேண்டும் என்றார் சிஸ்டர். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணி உள்ளே, காய்ந்த துணி மேலே, கட்டு ரொம்ப இறுக்கமாக வேண்டாம். நுரை பொங்குகிற மருந்தைத் தினமும் ஊற்றினால் புதுச் சதையும் வெந்துவிடும். தூள் எதுவும் கிடையாது.

"பொங்குச்சுன்னா அழுக்கு வெளிய வருதுன்னு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க அறிவியல் சாருதானே?" என்றார்.

சிவப்பு பரவினாலோ, வீக்கம் ஏறினாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வீட்டில் எதையும் தேடாமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று முடித்தார். ராணி எல்லாவற்றையும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளே கழுவினாள். பெண்களை எல்லாம் ஆயா என்று பாசமாகக் கூப்பிடும் கலியபெருமாளின் மனைவி எட்டிப் பார்த்து, "ஏம் ஆயா, பச்சப் புண்ணுல தண்ணிய ஊத்துற?" என்று பதறியதற்கு, திரும்பிப் பார்க்காமல், "ஊத்தாமத்தான் இங்க வந்து கெடக்குறோம்" என்றாள். ஆனாலும் கழுவி முடித்ததும் கறுப்பு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறியதுபோலவும் இருந்தது, ஏறாததுபோலவும் இருந்தது. காலையில் ஒரு மாதிரி, ஜன்னல் வெளிச்சம் மாறியதும் ஒரு மாதிரி. இரண்டு பேரும் வெவ்வேறு அளவு சொன்னோம்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே பெஞ்சில் ராணியும் கலியபெருமாளின் மனைவியும். உயிருள்ள சதைதான் வலிக்கும் என்று சிஸ்டர் ராணியிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். உள்ளே டாக்டரும் சிஸ்டரும்.

"மரப்பு ஊசி தயாரா இருக்கு சார்" என்றார் டாக்டர். "ஆனா மொதல்ல போடாம ஆரம்பிக்கிறேன். செத்த சதை வலிக்காது, ரத்தமும் வராது. உயிரோட இருக்கற எடம் எங்க வருதோ அங்க நிறுத்தணும். ஒங்களுக்கு உணர்ச்சி கம்மி. இருந்தாலும் வலிச்சா சொல்லுங்க. மறைக்காதீங்க, சேத்தும் சொல்லாதீங்க."

நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்ததால் எனக்குக் கால் தெரியவில்லை. கத்தி தொடுகிறது என்பது மட்டும், யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

சின்னதாக ஏதோ தட்டில் விழுந்தது.

"இப்ப?"

"இல்லை."

இன்னொன்று விழுந்தது. சிஸ்டர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஆமாம் என்று பொய் சொன்னால் நிறுத்திவிடுவாரா என்று ஒரு கணம் யோசித்தேன். முப்பத்தைந்து பிள்ளைகளின் பொய்யைத் தினமும் பிடிக்கிறவன் அந்தக் கணத்தில் ஒரு பொய்க்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை எழுதினால் நம்ப மாட்டார்கள்.

"இப்ப சார்?"

"இல்லைங்க டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். கத்தியை மாற்றிப் பிடித்தது போல ஒரு சத்தம். நான் விட்டத்து மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான். திரும்பவும் எண்ணினேன்.

அடுத்தது கேள்வி வருவதற்கு முன்பே வந்துவிட்டது. உள்ளங்காலிலிருந்து இடுப்பு வரை ஒரு சூடான கம்பி இழுத்தது. நான் கத்தினேன். கௌரவமாக முனகவில்லை. அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி, லாடம் அடிக்கிறபோது மாடு கத்துவது போலக் கத்தினேன்.

"ரத்தம் வருது டாக்டர்" என்றார் சிஸ்டர்.

"நல்ல செவப்பு" என்றார் டாக்டர். "போதும். அந்த ஊசியக் குடுங்க."

போனது நகமும் நகத்துக்குக் கீழே ஒரு நெல் அளவும். மற்றதெல்லாம் நின்றுவிட்டது.

வெளியே நடந்ததைக் கலியபெருமாளின் மனைவி பிறகு சொன்னார். சத்தம் கேட்டதும் அவர் பயந்துபோய் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். "யாரு ஆயா அது, இப்புடிக் கத்துறது?"

"எங்க வூட்டுக்காரருதான்" என்று ராணி சொன்னாளாம். "வலிக்குதாம் அவருக்கு."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளாம். பிறகு, பசிக்குது, கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டாளாம்.